17 நாள் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். கோபியில் ஐப்பசி மழை இந்த வருடம் நன்றாகவே பிடித்திருக்கிறது, தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் கரையைத் தொட்டுப் போகிறது. நீ லிஃப்ட் இருந்தும் மூன்று மாடி படியில் ஏறி இறங்குகிறாய் என்று தெரிந்ததிலிருந்து உன் அம்மாவுக்குத் தூக்கமில்லை. படி ஏறுவதில் தப்பில்லை, பிசியோதெரபிஸ்டே சொல்லியிருப்பார் என்று நான்தான் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். சொல்லியிருந்தாரா?

முந்தாநாள் ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்தேன். அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஜோன் பெனாய்ட் முழங்கால் ஆபரேஷன் முடிந்த 17-ஆம் நாள் மாரத்தான் ஓடி ஜெயித்தார், எனக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு மாதமாகிவிட்டது, அதனால் ஜனவரியில் சென்னை மாரத்தானுக்குப் பேர் கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பேர் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறாய் என்று உன் அண்ணன் சொன்னான். அதை அப்புறம் பேசிக்கொள்வோம்.

அந்த 17 நாள் உண்மைதான். 1984 ஏப்ரல் 25 ஆபரேஷன், மே 12 ஓட்டம். ஆனால் எந்த ஆளைப் பற்றி யாரிடம் சொல்கிறாய் அம்மணி? நான் பி.டி. வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விளையாட்டுப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டி வைத்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. அதில் அவருக்கு மட்டும் நாலைந்து பக்கம். நீ அனுப்பியது அந்தக் கதையின் நடுவிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு துண்டு. முன்னும் பின்னும் சேர்த்துச் சொல்கிறேன், கேள்.

ஜோன் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலத்தில் கேப் எலிசபெத் என்ற கடலோர ஊர்க்காரர். 1957-இல் பிறந்தவர். குளிர்காலம் முழுக்கப் பனி கிடக்கிற ஊர். அந்தப் பிள்ளைக்குப் பைத்தியமெல்லாம் பனிச்சறுக்கில்தான், ஓட்டத்தில் இல்லை. பதின்ம வயதில் சறுக்கும்போது விழுந்து கால் எலும்பு முறிந்தது. முறிந்த கால் கூடியதும் பலம் வர வேண்டுமே என்று ஓட ஆரம்பித்தவர் அப்படியே ஓட்டத்திலேயே நின்றுவிட்டார். அவருடைய ஓட்ட வாழ்க்கையே ஒரு காயத்துக்கு வைத்தியமாகத் தொடங்கியதுதான். இந்த இடத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை.

அந்தக் காலத்தில் அவருக்குத் தெருவில் ஓடவே கூச்சமாம். கார் வந்தால் சட்டென்று நின்று, ஓரத்தில் இருக்கிற பூவைப் பார்ப்பது போல் பாவனை செய்வாராம். பிற்காலத்தில் அவரே சொன்னது. எனக்கு அதைப் படித்தபோது நம் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். மண்டலப் போட்டிக்குப் பயிற்சி எடுக்க விடியற்காலையில் வரச் சொன்னால், பால்காரர் வண்டி வந்ததும் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அமெரிக்காவென்ன, கோபியென்ன.

கூச்சத்துக்குக் காரணமும் இருந்தது. பெண்கள் நெடுந்தூரம் ஓடக்கூடாது என்பது அப்போது கிட்டத்தட்ட சட்டம். 1928 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் வைத்தார்கள், ஓடி முடித்த பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதின, அடுத்த போட்டியிலிருந்து அதை எடுத்தே விட்டார்கள். திரும்ப வந்தது 1960-இல். பாஸ்டன் மாரத்தானில் பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்ததே 1972-இல்தான். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில்கூடப் பெண்களுக்கு இருந்த அதிகபட்ச தூரம் 1500 மீட்டர். அதற்கு மேல் ஓடினால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று படித்தவர்களே பேசிய காலம். உன் பாட்டி பேசியது ஆச்சரியமில்லை.

இந்த நிலைமையில், 1979-இல், கல்லூரி மாணவியாக இருந்தபோதே அந்தப் பெண் பாஸ்டனுக்குப் போய் 2 மணி 35 நிமிடம் 15 விநாடியில் முதலாவதாக வந்தார். தலையில் அந்த ஊர் பேஸ்பால் அணியின் தொப்பி.

இனிமேல்தான் உனக்கு வேண்டிய சங்கதி. 1981 டிசம்பரில் இரண்டு குதிகால் நரம்பிலும் ஆபரேஷன். நம் ஊரில் குதிகால் நரம்பு என்றுதான் சொல்வோம், கெண்டைச் சதையைக் குதியோடு கட்டியிருக்கிற அந்தத் தடித்த நாண். ஓடுகிறவனுக்கு அதில் கத்தி வைத்தாலே பாதி உயிர் போன மாதிரி. ஒன்றில் இல்லை, இரண்டிலும். அவர் என்ன செய்தார்? பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியாளராக வேலை பார்த்துக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். 1982 செப்டம்பரில் அமெரிக்க சாதனை. அதற்கடுத்த ஏப்ரலில், 1983 பாஸ்டனில், 2 மணி 22 நிமிடம் 43 விநாடி. அதற்கு முந்தின நாள் லண்டனில் நார்வேயின் கிரெட்டா வைட்ஸ் அதுவரை இருந்த உலக அளவைச் சமன் செய்திருந்தார். ஜோன் அதிலிருந்து இரண்டே முக்கால் நிமிடத்தை அறுத்து எடுத்துவிட்டார். மாரத்தானில் விநாடிக் கணக்கில் குறைத்தாலே மாலை போடுவார்கள். இது நிமிடக் கணக்கு.

கத்தி வைத்த நாளிலிருந்து அந்த நாள் வரை எண்ணிப் பார். ஒரு வருடம் நாலு மாதம். நீ ஏன் இந்தக் கணக்கை எனக்கு அனுப்பவில்லை?

சரி, முழங்காலுக்கு வருகிறேன். 1984 மார்ச் 16. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்கள் மாரத்தான் வைக்கப் போகிறார்கள். அதற்கு அமெரிக்க அணியைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஜோன் தன் வீட்டுப் பக்கம் 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர் பயிற்சி ஓட்டம் போகிறார். அவருக்கு அது வாடிக்கையான தூரம். 17 மைல் வாக்கில் முழங்காலில் என்னவோ பிடிக்கிறது. வலி என்பதைவிட, மூட்டு மடங்க மறுக்கிறது. தாண்டி ஓடப் பார்க்கிறார், முடியவில்லை. ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டியதாகிவிட்டது. உலக சாதனைக்காரர், தன் ஊர் ரோட்டில்.

கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். கொஞ்ச நாள் தேவலை போல் இருந்தது, மறுபடி பிடித்தது. அந்த ஊசி வீக்கத்தை அமுக்கும், வீக்கத்துக்குக் காரணத்தை எடுக்காது. ஜில்லா மீட்டில் பையன்கள் தொடையில் ஸ்பிரே அடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தவன் நான். ஸ்பிரே தீர்ந்ததும் பையன் உட்கார்ந்துவிடுவான். அப்புறம் ஜோன் ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரத்துக்குப் போனார். ஸ்டான் ஜேம்ஸ் என்ற எலும்பு மருத்துவர், ஓட்டக்காரர்களின் காலைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர். அவர் எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்கவில்லை. முதலில் ஓட்டத்தை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொன்னார். அதற்கும் மசியவில்லை என்ற பிறகுதான் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்தார்.

உள்ளே இருந்தது என்ன தெரியுமா? முழங்கால் மூட்டின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். அதில் சிலருக்கு மடிப்பு இருக்கும், பிறவியிலேயே. பிளைக்கா என்பார்கள். சாதாரணமாக அது யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. ஓயாமல் மடக்கி நீட்டுகிறபோது சிலருக்கு அது வீங்கித் தடித்து, நார் மாதிரி இறுகி, கதவு இடுக்கில் துணி மாட்டிக்கொண்டது போல மூட்டு மடங்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். டாக்டர் அதை நறுக்கி எடுத்தார். அவ்வளவுதான். எலும்பில் ஓட்டை இல்லை, தையல் போட்டுச் சேர்த்தது எதுவும் இல்லை, வேறு இடத்திலிருந்து எடுத்து வைத்தது எதுவும் இல்லை. இடைஞ்சலாக இருந்ததை எடுத்தாகிவிட்டது, மூட்டு பழையபடி வேலை செய்யும்.

இப்போது உன் முழங்காலைப் பார். ஸ்கூட்டரோடு விழுந்ததில் உனக்கு அறுந்தது மூட்டுக்கு நடுவில் குறுக்காக ஓடுகிற ஜவ்வு, ஏசிஎல். அறுந்ததை அப்படியே தைத்து ஒட்ட வைக்க முடியாது என்று உன் தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு நாணை எடுத்து, எலும்பில் மேலும் கீழும் துளை போட்டு, அதில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். உனக்கு உள்ளே இருப்பது புதிதாக நட்ட ஒரு பொருள். உடம்பு அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ள வேண்டும். முதலில் அந்த நாணில் இருந்த பழைய உயிரணுக்கள் செத்துப்போகும், பிறகு புது ரத்தக் குழாய் உள்ளே போகும், பிறகு மெதுவாக நார் நாராகப் புதிதாகக் கட்டப்படும். இதற்கு நடுவில், சுமார் இரண்டாவது மூன்றாவது மாதத்தில், அந்த நாண் வைத்த அன்று இருந்ததைவிடப் பலம் குறைந்து நிற்கும். வீக்கம் வடிந்து, வலி போய், "எனக்கு ஒன்றுமில்லைப்பா" என்று உனக்குத் தோன்றுகிற அதே சமயத்தில்.

நீ இப்போது நிற்கிற இடம் அதுதான். இரண்டும் முழங்கால் ஆபரேஷன் என்பதைத் தவிர உனக்கும் அவருக்கும் இதில் பொருத்தமே இல்லை. உன் டாக்டரும் இதைத்தான் சொல்லியிருப்பார், அவர் சொன்னதைவிட வாட்ஸ்அப்பில் வந்தது உனக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

அப்படியே வைத்துக்கொண்டாலும், அந்த 17 நாள் நீ நினைக்கிற மாதிரி சினிமாக் காட்சியாகப் போகவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் காலை அசைக்க முடியாத நேரத்தில், சைக்கிள் பெடலைக் கையால் சுற்றும்படி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். மூச்சும் இதயமும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. இந்த புத்தி எனக்குப் பிடித்தது. நீயும் செய்யலாம், எந்த ஜிம்மிலும் கையால் சுற்றுகிற மெஷின் இருக்கும். ஆனால் கொஞ்ச நாளிலேயே ஓட ஆரம்பித்தார் பார், அங்கேதான் வினை. ஆபரேஷன் செய்த காலுக்குப் பாரம் கொடுக்காமல் தன்னையறியாமல் மற்ற காலில் சாய்ந்து ஓடியிருக்கிறார். அந்தக் காலின் பின் தொடைச் சதை பிடித்துக்கொண்டது. முழங்கால் சரியாயிற்று, தொடை போயிற்று. தேர்வு ஓட்டத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. தினமும் மணிக்கணக்கில் மின்சார சிகிச்சை எடுத்துக்கொண்டுதான் கோட்டில் போய் நின்றார்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியா என்ற ஊரில் அந்த ஓட்டம் நடந்தது. 2 மணி 31 நிமிடம் 4 விநாடியில் முதலிடம். இரண்டாவதாக வந்த ஜூலி பிரவுன் 37 விநாடி பின்னால். நல்ல உடம்போடு இருந்த பெண்களெல்லாம் பின்னால் வர, இவர் ஒன்றரைக் காலோடு முன்னால் வந்தார். அது தைரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் அணித் தேர்வு எப்படி என்று தெரிந்தால்தான் அந்தத் தைரியம் புரியும். நம் ஊர் மாதிரி கமிட்டி உட்கார்ந்து பேர் எழுதுவதில்லை. ஒரே ஒரு ஓட்டம், முதல் மூன்று பேர் ஒலிம்பிக்குக்கு, மற்றவர்கள் வீட்டுக்கு. உலக சாதனைக்காரராக இருந்தாலும் அன்றைக்கு வராவிட்டால் இல்லை. அதுவும் பெண்களுக்கு வரலாற்றிலேயே முதல் ஒலிம்பிக் மாரத்தான். அவருக்கு வேறு வழி கிடையாது. உனக்கு ஜனவரியில் கிடைக்கப்போவது ஒரு டி-ஷர்ட், ஒரு மெடல், ஒரு வாழைப்பழம்.

இன்னொன்று. மார்ச் 16 வரைக்கும் அவர் உலகத்திலேயே மிகச் சிறந்த நிலையில் இருந்தவர். பத்து வருடத்துக்கும் மேல் சேர்த்து வைத்த உடம்பு. சில வாரத்தில் அது கரைந்துவிடாது. நீ பத்து கிலோமீட்டரும் அரை மாரத்தானுமாக ஆசைக்கு ஓடுகிறவள், அதுவும் இப்போது ஆபரேஷன் ஆன கால் தொடை இளைத்துக் கிடக்கிறது. தீபாவளிக்கு வந்தபோது நான் பார்க்காமலா இருந்தேன்?

லாஸ் ஏஞ்சலஸ் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆகஸ்ட் 5, காலை 8 மணி, சான்டா மோனிகா. 50 பெண்கள் கிளம்பினார்கள். கிரெட்டா வைட்ஸ் இருந்தார், முந்தின வருட உலக சாம்பியன். அதே நார்வேயின் இங்ரிட் கிறிஸ்டியான்சன், போர்ச்சுகலின் ரோசா மோட்டா. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கூட்டமாக நிதானமாகப் போகிறார்கள். ஜோனுக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. மூன்று மைல் ஆவதற்குள் முன்னால் போய்விட்டார். முதல் தண்ணீர் மேசையில் முண்டியடிக்க வேண்டாமென்று தண்ணீரே எடுக்காமல் தாண்டினார். மற்றவர்கள், சரி, போகட்டும், வெயில் ஏறட்டும், தானாகத் திரும்பி வருவார் என்று விட்டுவிட்டார்கள். அவர் வரவில்லை. ஓட்டத்துக்காக அடைத்துவிட்ட பெரிய எக்ஸ்பிரஸ் ரோட்டில், முன்னால் பின்னால் ஒருவரும் இல்லாமல், வெள்ளைத் தொப்பியோடு அந்தக் குள்ளமான பெண் தனியாக ஓடிக்கொண்டிருக்கிற காட்சியை நான் பிற்பாடு வீடியோவில் பார்த்திருக்கிறேன். தோள் கொஞ்சமும் ஆடவில்லை. என் பையன்களுக்கு அதைத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

ஸ்டேடியத்துக்குள் நுழைய ஒரு சுரங்கப் பாதை. அதற்குள் வரும்போது, இதைத் தாண்டி வெளியே போனால் என் வாழ்க்கை இனிப் பழையபடி இருக்காது என்று நினைத்துக்கொண்டாராம். வெளியே வந்து, கடைசிச் சுற்றில் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே ஓடினார். 2 மணி 24 நிமிடம் 52 விநாடி. வைட்ஸ் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கழித்து வந்தார், மூன்றாவது ரோசா மோட்டா. அந்த ஒலிம்பிக் சாதனையை 2000-இல் சிட்னியில்தான் ஒரு ஜப்பான் பெண் உடைத்தார்.

அதே ஓட்டத்தில் சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெயிலில் தள்ளாடித் தள்ளாடிக் கடைசிச் சுற்றை ஐந்தே முக்கால் நிமிடத்தில் முடித்ததும் நடந்தது. உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டியது அந்தக் காட்சியைத்தான். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. தோள் ஆடாமல் ஓடியவளை விட்டுவிட்டுத் தள்ளாடியவளைத்தான் எல்லாருக்கும் ஞாபகம்.

நமக்கோ அந்த ஒலிம்பிக் என்றால் உஷாதான். மூன்று நாள் கழித்து அதே ஸ்டேடியத்தில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போயிற்று. அடுத்த நாள் ஸ்டாஃப் ரூமில் யாரும் வேறு பேச்சு பேசவில்லை. அந்தக் கூத்தில் ஜோனின் தங்கம் இந்தப் பக்கம் யார் காதிலும் விழவில்லை.

ஒலிம்பிக்கோடு நீ கதையை முடித்துவிடுவாய். எனக்கு அவர் ஓடியதில் மிகப் பிடித்தது அதற்கடுத்த வருடம், 1985 அக்டோபர், சிகாகோ. கிறிஸ்டியான்சன் அந்த ஏப்ரலில் லண்டனில் 2:21:06 ஓடி உலக சாதனையைத் தன் பேருக்கு எழுதியிருந்தார். ரோசா மோட்டாவும் வந்திருந்தார். இந்த முறை யாரும் யாரையும் சும்மா போக விடவில்லை. ஜோனும் கிறிஸ்டியான்சனும் வெகுதூரம் தோளோடு தோளாக ஓடினார்கள். கடைசியில் கிறிஸ்டியான்சன்தான் தளர்ந்தார். ஜோன் 2:21:21. உலக சாதனைக்கு 15 விநாடி மிச்சம், ஆனால் அந்த அமெரிக்க சாதனை 2003 வரைக்கும் நின்றது. ஊசி இல்லை, கட்டு இல்லை, கடைசி நேர சிகிச்சை இல்லை. நல்ல உடம்போடு அந்தப் பெண் கோட்டில் நின்றால் என்ன நடக்கும் என்பது தெரிந்த நாள் அது. 17 நாள் கதை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை, இதில் வலி இல்லாததால் சுவாரஸ்யமில்லை போலும்.

ரோசா மோட்டா பேர் வந்ததால் ஒரு வார்த்தை. அவருக்கு இளம் வயதில் ஆஸ்துமா. மூச்சிரைப்போடு இருந்தவரை அவருடைய பயிற்சியாளர் பெட்ரோசா, அவரும் ஒரு டாக்டர், மெல்ல மெல்ல மாரத்தானுக்குக் கொண்டுவந்தார். 1988 சியோலில் தங்கம் வாங்கினார். உன் சித்தப்பா பையன் இன்ஹேலரை மறைத்து மறைத்து அடிக்கிறானே, அவனிடம் இதைச் சொல். பெரியவர்கள் சொன்னால் அவன் கேட்பதில்லை.

1985-க்குப் பிறகு ஜோனைக் காயங்கள் அதிகம் விடவில்லை. இரண்டு பிள்ளைகள் பெற்றார். பின்னாளில் ஆஸ்துமாவும் வந்து சேர்ந்தது. மற்றவர்களாக இருந்தால் மெடலை மாட்டிவைத்துவிட்டு விழாவுக்கு ரிப்பன் வெட்டப் போயிருப்பார்கள். இவர் ஓடிக்கொண்டே இருந்தார், ஆனால் வேறு மாதிரி. 1991 பாஸ்டனில் 2:26:54 ஓடி நாலாவது. 1998-இல் சொந்த ஊரிலேயே ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை ஆரம்பித்து வைத்தார், அது கேப் எலிசபெத்தின் கடற்கரை ரோட்டில், அவர் பூவைப் பார்த்து நடித்த அதே ஊரில் நடக்கிறது. 2008-இல் 50 வயதில் மறுபடி ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்துக்குத் தகுதி பெற்று 2 மணி 49 நிமிடத்தில் முடித்தார். 2010-இல், 53 வயதில், சிகாகோவில் அதைவிட வேகமாக, 2:47:50.

அப்புறம் 2019. பாஸ்டனில் முதலில் ஜெயித்து 40 வருடம் ஆகிறது. 1979-இல் ஓடிய நேரத்தோடு 40 நிமிடத்துக்குள் முடிப்பேன் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார், அதாவது மூணேகால் மணி நேரம். வயது 61. ஓடியது 3 மணி 4 நிமிடம். கணக்கு வைத்ததைவிடப் பதினோரு நிமிடம் முன்னதாக. ஆண் பெண் என்று பார்க்காமல் உன் வயதுக்காரர்கள் எத்தனை பேர் இதை ஓடுவார்கள் என்று உன் ஓட்டக் குழுவில் கேட்டுப் பார்.

நீ எனக்கு ஒரு கணக்கு அனுப்பினாய், நான் உனக்கு ஒன்று அனுப்பிவிட்டேன். இனி உன் விஷயம்.

நேராக ஓடுவதை மூன்று நாலு மாதத்துக்கு மேல், வீக்கம் இல்லாமல், தொடைப் பலம் திரும்பியதைச் சோதித்துப் பார்த்த பிறகு ஆரம்பிப்பார்கள். வளைந்து திரும்பிக் குதிக்கிற விளையாட்டுக்கு ஒன்பது மாதம். இதற்கு முன்னால் போனவர்களுக்கு மறுபடி அறுவது அதிகம் என்பது பலமுறை பார்த்த விஷயம். நாள்காட்டியைப் பார்க்காதே, காலைப் பார். ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எழு, ஆடாமல் எழுகிறாயா? ஒற்றைக் காலில் தாண்டு, அந்தக் கால் தாண்டுகிற தூரத்தை இந்தக் கால் தாண்டுகிறதா? பிசியோதெரபிஸ்ட் இதையெல்லாம் வைத்துத்தான் சொல்வார். அவர் சொல்கிற தேதிதான் தேதி. நான் சொல்வதும் கிடையாது, ஜோன் சொல்வதும் கிடையாது.

ஜனவரிக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். சென்னைக்கு வேண்டுமானால் போ. தண்ணீர் மேசையில் வாலண்டியராக நில், அங்கே எப்போதும் ஆள் பற்றாது. உன் குழுப் பெண்கள் ஓடி வரும்போது டம்ளரை நீட்டு, விரலால் பிடிக்காதே, உள்ளங்கையில் வைத்து நீட்டு, அப்போதுதான் சிந்தாமல் எடுப்பார்கள். நானும் வருகிறேன். உன் அம்மாவும் வருவாள், மெரினாவைப் பார்த்து வெகுநாளாகிறது என்கிறாள்.

கொரியரில் பருப்புப் பொடியும் செக்கு நல்லெண்ணெயும் போட்டிருக்கிறோம். எண்ணெய் பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித்தான் வைத்திருக்கிறேன், இருந்தாலும் பெட்டியை நிமிர்த்தி வைத்துப் பிரி. நீ பேர் கொடுத்ததைச் சொன்னதற்கு அண்ணனைத் திட்டாதே, நான்தான் கேட்டுக் கேட்டு அவன் வாயிலிருந்து வாங்கினேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு: அடுத்த முறை பிசியோவுக்குப் போகும்போது இரண்டு தொடையின் சுற்றளவையும் டேப் வைத்து எடுத்துத் தரச் சொல். முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே, இரண்டு காலிலும் ஒரே இடத்தில். எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு, நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.